டிஷ்யூ பேப்பர் சுற்றினால் மம்மி ஆகிவிடுமா? குழந்தைகளோடு வீட்டில் செய்து பார்க்க ஓர் எகிப்திய சோதனை

யூடியூபில் 'மம்மி கிராஃப்ட்' என்று தேடிப் பாருங்கள். ஒரு பொம்மையை எடுத்து, டிஷ்யூ ரோலால் தலையிலிருந்து கால்வரை சுற்றி, ரெண்டு கண் ஸ்டிக்கர் ஒட்டி அஞ்சே நிமிஷத்தில் முடித்துவிடுவார்கள். புராஜெக்ட்டுக்கு முதல் நாள் ராத்திரி பத்து மணிக்கு உட்காரும் பெற்றோருக்கு அது வரம்தான். ஆனால் செய்து முடித்த குழந்தையிடம் "மம்மின்னா என்ன?" என்று கேட்டால், "துணி சுத்தின பேய்" என்றுதான் பதில் வரும்.

அந்தக் குழந்தையைக் குறை சொல்ல முடியாது. 1932-ல் வந்த போரிஸ் கார்லோஃப் படத்தில் தொடங்கி இன்றைய கார்ட்டூன்கள் வரை எல்லாரும் காட்டியது அதைத்தான். ஆனால், துணி சுற்றுவது மம்மி செய்வதில் கிட்டத்தட்ட கடைசி வேலை. பண்டைய எகிப்தில் ஓர் உடலைப் பதப்படுத்தி அடக்கத்துக்குத் தயார்செய்ய 70 நாட்கள் ஆகும். அதில் சுமார் 40 நாட்கள் ஒரே ஒரு வேலைக்குத்தான் போயின: உடம்பில் இருக்கும் தண்ணீரை வெளியே எடுப்பது.

இதை ஓர் ஆப்பிள், கொஞ்சம் உப்பு, கொஞ்சம் ஆப்ப சோடா, ஒரு கிச்சன் தராசு இவற்றை வைத்துக்கொண்டு ஒரே வாரத்தில் குழந்தையே கண்டுபிடித்துவிடலாம். டிஷ்யூ ரோல் பொம்மையைவிட வேலை கொஞ்சம் கூடத்தான். ஆனால் கிடைப்பது நிஜமான வரலாறு, கூடவே நிஜமான வேதியியல்.

தண்ணீர்தான் வில்லன்

செத்துப்போன எதுவும் ஏன் அழுகுகிறது? பாக்டீரியாவும், செல்லுக்குள்ளேயே இருக்கும் நொதிகளும் வேலை செய்வதால். ரெண்டுக்கும் தண்ணீர் வேண்டும். தண்ணீரை எடுத்துவிட்டால் அழுகல் நின்றுபோகும். வயதுவந்த மனித உடம்பில் சுமார் 60 சதவீதம் தண்ணீர். ஆப்பிளில் இன்னும் அதிகம், ஏறக்குறைய 85 சதவீதம். அதனால்தான் ஆப்பிள் இந்தச் சோதனைக்கு நல்ல 'நோயாளி'.

உப்பு எப்படித் தண்ணீரை எடுக்கும் என்று குழந்தைக்கு விளக்க, சவ்வூடு பரவல் என்ற பாடப்புத்தக வார்த்தையோடு ஆரம்பிக்க வேண்டாம். ஊறுகாய்க்கு நறுக்கிய மாங்காயில் உப்புப் போட்டு வைத்தால், மறுநாள் அடியில் தண்ணி விட்டிருக்கும் இல்லையா? யாரும் தண்ணீர் ஊற்றவில்லை, அது மாங்காய்க்குள் இருந்த தண்ணீர். வெளியே உப்பு அதிகம், உள்ளே குறைவு. அதனால் செல்லுக்குள் இருக்கும் தண்ணீர் வெளியே வருகிறது. கருவாடு செய்வதும் இதே கணக்குதான். பெயரை அப்புறம் சொல்லிக்கொள்ளலாம்.

எகிப்தியர்கள் வெறும் சமையல் உப்பைப் பயன்படுத்தவில்லை. கெய்ரோவுக்கு வடமேற்கே வாடி நேட்ரன் என்றொரு பள்ளத்தாக்கு இருக்கிறது. அங்கே ஏரிகள் வற்றும்போது கரையில் படியும் வெள்ளை உப்புக்குப் பெயர் நேட்ரான். அதில் சோடியம் கார்பனேட் (நம் ஊர் சலவை சோடா), சோடியம் பைகார்பனேட் (ஆப்ப சோடா), சாதாரண உப்பு, கொஞ்சம் சோடியம் சல்பேட் எல்லாம் கலந்திருக்கும். இது தண்ணீரை உறிஞ்சுவதோடு நிற்காது. காரத்தன்மை இருப்பதால் கொழுப்பைச் சிதைக்கும், பாக்டீரியாவுக்கும் ஒத்துக்கொள்ளாது. வேதியியல் படிக்கிற பிள்ளை வீட்டில் இருந்தால் ஒரு கூடுதல் தகவல்: சோடியத்தின் குறியீடு ஏன் 'எஸ்' என்று தொடங்காமல் 'என்ஏ' என்று இருக்கிறது தெரியுமா? நேட்ரியம் என்ற லத்தீன் பெயரிலிருந்து. அந்தப் பெயரின் வேர் இந்த நேட்ரான்தான்.

விஞ்ஞானிகளும் இதைத்தான் செய்தார்கள்

"இதெல்லாம் சின்னப் பிள்ளைங்க விளையாட்டு" என்று நினைக்க வேண்டாம். எகிப்தியர்கள் மம்மி செய்யும் முறையைப் படிப்படியாக எழுதிவைத்த முழுமையான கையேடு எதுவும் நமக்குக் கிடைக்கவில்லை. பழைய விரிவான வர்ணனை என்றால் கி.மு. 5-ம் நூற்றாண்டில் எகிப்துக்குப் போன கிரேக்கர் ஹெரோடோட்டஸ் எழுதியதுதான். அவர் மூன்று வகை 'பேக்கேஜ்' பற்றிச் சொல்கிறார்: பணக்காரருக்கு ஒன்று, நடுத்தரத்துக்கு ஒன்று, ஏழைக்கு ஒன்று. ஆனால் நேட்ரானைத் தண்ணீரில் கரைத்து உடலை ஊறப்போட்டார்களா, காய்ந்த பொடிக்குள் புதைத்தார்களா என்பதில் ஆய்வாளர்களுக்குள் ரொம்ப நாள் சண்டை. துட்டன்காமன் கல்லறைப் பொருட்களைப் பாதுகாக்க ஹோவர்ட் கார்ட்டரோடு வேலை பார்த்த வேதியியலாளர் ஆல்ஃபிரட் லூகாஸ், புறாக்களை வைத்துச் சோதித்துப் பார்த்தார். காய்ந்த நேட்ரான்தான் சரி என்ற பக்கம் தராசு சாய்ந்தது.

1994-ல் அமெரிக்காவில் பாப் பிரையர், ரொனால்டு வேட் என்ற இரண்டு ஆய்வாளர்கள் இன்னும் ஒருபடி மேலே போனார்கள். அறிவியல் ஆய்வுக்காகத் தானம் செய்யப்பட்ட ஒருவரின் உடலை, எகிப்திய முறையிலேயே, வாடி நேட்ரனிலிருந்து வரவழைத்த நேட்ரானில் 35 நாட்கள் வைத்துப் பதப்படுத்தினார்கள். மூளையைக் கொக்கியால் மூக்கு வழியாக இழுத்து எடுத்தார்கள் என்றுதானே எல்லாப் புத்தகத்திலும் இருக்கிறது? செய்து பார்த்தபோது அது அப்படி வரவில்லை. கொக்கியை உள்ளே விட்டுக் கடைந்து, கூழாக்கி, உடலைக் கவிழ்த்து வடியவிட வேண்டியிருந்தது. (பத்து வயசுப் பிள்ளைகளுக்கு இந்தப் பகுதிதான் ரொம்பப் பிடிக்கும். சாப்பாட்டு நேரத்தில் மட்டும் சொல்லாதீர்கள்.) கெய்ரோ அமெரிக்கப் பல்கலைக்கழகப் பேராசிரியர் சலீமா இக்ராம் முயல்களைப் பதப்படுத்திப் பார்த்தவர். ஆக, உங்கள் வீட்டு ஆப்பிளும் இந்த வரிசையில்தான் வருகிறது.

நாலு துண்டு, நாலு கப்

ஓர் ஆப்பிளை ஒரே அளவாக நாலு துண்டாக நறுக்கிக்கொள்ளுங்கள். நறுக்குவது நீங்கள், எடை போடுவது குழந்தை. ஒவ்வொரு துண்டின் எடையையும் கிராமில் ஒரு நோட்டில் எழுதச் சொல்லுங்கள். நாலு பேப்பர் கப். முதல் கப்பில் ஆப்பிள் மட்டும். இரண்டாவதில் ஆப்பிளும் தூள் உப்பும். மூன்றாவதில் ஆப்பிளும் ஆப்ப சோடாவும். நாலாவதில் உப்பும் சோடாவும் சரிபாதி கலந்த பொடி, இதுதான் நம்ம வீட்டு நேட்ரான். துண்டு வெளியே தெரியவே கூடாது, கீழேயும் மேலேயும் சுற்றியும் பொடி இருக்க வேண்டும். பாதி மூடினால் பாதிதான் காயும்.

நிஜ நேட்ரானில் சலவை சோடாவும் இருந்ததே என்று அதையும் போட்டுவிடாதீர்கள். அது தோலை, கண்ணை எரிக்கும். குழந்தைகள் கைவைக்கும் சோதனையில் அதற்கு வேலை இல்லை. கல் உப்பும் வேண்டாம். அதில் மெக்னீசியம் உப்புகள் இருப்பதால் காற்றில் உள்ள ஈரத்தையே இழுத்துக்கொண்டு நசநசவென்று ஆகிவிடும்.

ஈரம் என்றதும் சொல்ல வேண்டிய ஒன்று. வெளிநாட்டு வீடியோக்களில் "ஒரு வாரம் அப்படியே விட்டுவிடுங்கள்" என்பார்கள். சென்னை, தூத்துக்குடி மாதிரி கடலோர ஊர்களில், அதுவும் ஐப்பசி மழையில், அது சரிவராது. எகிப்தியர்களுக்குப் பாலைவனக் காற்று இலவசமாகக் கிடைத்தது, நமக்கு இல்லை. கோடை விடுமுறையில் செய்யுங்கள். மூணாம் நாளில் பொடி ஈரமாகிக் கட்டிதட்டியிருந்தால் அதைக் கொட்டிவிட்டுப் புதுப்பொடி போடுங்கள். அந்தக் கட்டியைக் குழந்தை கையில் கொடுத்துப் பார்க்கச் சொல்லுங்கள். ஆப்பிளுக்குள் இருந்த தண்ணீர் எங்கே போனது என்பதற்கு அதுதான் சாட்சி.

ஆரம்பிக்கும்போதே எந்தத் துண்டு அதிகம் எடை குறையும் என்று ஊகித்து எழுதச் சொல்வது முக்கியம். நீங்களும் எழுதுங்கள். ஏழாம் நாள் பொடியைப் பிரஷ்ஷால் தட்டிவிட்டு (கழுவக் கூடாது, கழுவினால் திரும்பவும் தண்ணீர் ஏறிவிடும்) மறுபடி எடை போடுங்கள். ஆரம்ப எடையில் எத்தனை சதவீதம் குறைந்தது? கணக்குப் பாடமும் அதிலேயே முடிந்தது. பொடியில் இருந்த துண்டுகள் சுருங்கி, தோல் மாதிரி கெட்டியாகியிருக்கும். தின்றுபார்க்க விடாதீர்கள்.

முதல் கப்பில் வெறுமனே வைத்த துண்டு பழுப்பாகி, பூஞ்சை பிடிக்கலாம். ஏசி அறை மாதிரி காய்ந்த இடமாக இருந்தால் பூஞ்சையே வராமல் வற்றியும் போகலாம். "சோதனை ஃபெயில்" என்று தூக்கிப்போட வேண்டாம், சொல்ல அங்கேதான் ஒரு நல்ல கதை இருக்கிறது. பிரிட்டிஷ் மியூசியத்தில் கெபலைன் மனிதன் என்று ஒருவர் இருக்கிறார். சுமார் 5,500 ஆண்டுகளுக்கு முன் இறந்தவர். அவரை யாரும் நேட்ரானில் வைக்கவில்லை. சூடான பாலைவன மணலில் ஆழமில்லாத குழியில் புதைத்தார்கள், மணலே தண்ணீரை உறிஞ்சிக்கொண்டது. தலைமுடிகூட அப்படியே இருக்கிறது. 2012-ல் சிடி ஸ்கேன் எடுத்தபோதுதான் அவர் முதுகில் குத்தப்பட்டு இறந்தார் என்றே தெரிந்தது. பின்னாளில் வசதியானவர்கள் பெட்டி, கல்லறை என்று கட்ட ஆரம்பித்ததும் உடலுக்கும் மணலுக்கும் தொடர்பு விட்டுப்போய் உடல்கள் கெட்டன, அதனால்தான் செயற்கையாகக் காயவைக்கும் கலை வளர்ந்தது என்பது ஆய்வாளர்கள் பலர் தரும் விளக்கம்.

கொஞ்சம் பெரிய பிள்ளை என்றால் ஆரஞ்சு

பத்து வயதுக்கு மேல் இருந்தால் ஆப்பிளோடு நிறுத்த வேண்டாம். ஓர் ஆரஞ்சின் பக்கவாட்டில் சின்னதாகக் கீறி, ஸ்பூனால் சுளைகளை எல்லாம் எடுத்துவிட்டு, உள்ளே டிஷ்யூவால் நன்றாகத் துடைத்து, உப்பு-சோடா கலவையோடு கொஞ்சம் பட்டைத்தூளும் கிராம்புத்தூளும் சேர்த்து அடைத்து, மொத்த ஆரஞ்சையும் அதே கலவைக்குள் புதைத்துவிடுங்கள். இதற்கு ஒரு வாரம் போதாது. பொறுமை இருந்தால் எகிப்தியக் கணக்குப்படி 40 நாள். வாராவாரம் பொடி மாற்ற வேண்டும். கோழி, மீன் வைத்தும் செய்கிறார்கள்தான். நாற்றத்தையும் கிருமியையும் சமாளிப்பது வீட்டில் கஷ்டம், பழமே போதும்.

எகிப்தியர்கள் கீறியது உடலின் இடது பக்கம். கல்லீரல், நுரையீரல், வயிறு, குடல் இந்த நாலையும் எடுத்துத் தனியாகக் காயவைத்தார்கள். சீக்கிரம் அழுகுவது அவைதானே. பல காலகட்டங்களில் அவற்றை நாலு ஜாடிகளில் வைத்தார்கள். ஜாடி மூடிகளில் ஹோரஸ் கடவுளின் நாலு மகன்கள்: கல்லீரலுக்கு மனிதத் தலை, நுரையீரலுக்கு பபூன் குரங்கு, வயிற்றுக்கு நரி, குடலுக்கு ராஜாளி. காலி ஊறுகாய் பாட்டில் நாலு, கொஞ்சம் களிமண் இருந்தால் ஒரு மழைநாள் மதியம் முழுக்க ஓடிவிடும்.

இதயத்தை மட்டும் எடுக்க மாட்டார்கள். யோசிப்பது, நினைப்பது எல்லாம் இதயம்தான் என்று நம்பினார்கள். இறந்தவரின் இதயத்தைத் தராசில் ஒரு தட்டிலும், உண்மையின் இறகை இன்னொரு தட்டிலும் வைத்து நிறுப்பார்களாம். கனத்துப்போனால் முதலைத் தலையுள்ள அம்மிட் விழுங்கிவிடும். அவ்வளவு கவலைப்பட்டவர்கள் மூளையை வேண்டாத பொருளாகத் தூக்கிப்போட்டார்கள்.

கீறலைப் பற்றி இன்னொரு செய்தியும் குழந்தைகளுக்குச் சொல்லத் தக்கது. கி.மு. முதல் நூற்றாண்டில் எழுதிய டியோடோரஸ் சொல்கிறார்: உடலைக் கீறும் வேலையைச் செய்தவர், கீறிய அடுத்த நொடியே ஓட்டமெடுப்பாராம். சுற்றி நிற்பவர்கள் அவர்மேல் கல்லை வீசித் துரத்துவார்களாம். அந்தக் கீறல் இல்லாமல் மம்மி இல்லை என்று எல்லாருக்கும் தெரியும். ஆனாலும் தங்களில் ஒருவரின் உடம்பில் காயம் உண்டாக்குவது பாவம்தான்.

மிளகு மூக்கு

வாசனைப் பொருட்களுக்கு வருவோம். இங்கே நம் பக்கத்துச் சரக்கும் வருகிறது. கி.மு. 1213-ல் இறந்த இரண்டாம் ராம்செஸின் மூக்குத் துவாரத்தில் மிளகு இருந்தது. மிளகின் தாயகம் மேற்குத் தொடர்ச்சி மலை. அது எந்தெந்தக் கைகள் மாறி நைல் நதிக்கரைக்குப் போனது என்று சொல்ல ஓர் எழுத்துச் சான்றும் இல்லை. ஆனால் போயிருக்கிறது. 1976-ல் அவர் மம்மியைப் பூஞ்சை அரிக்க ஆரம்பித்ததால் பாரிஸுக்கு விமானத்தில் கொண்டுபோய் சிகிச்சை செய்தார்கள். அப்போது கொடுத்த பாஸ்போர்ட் என்று வாட்ஸ்அப்பில் சுற்றும் படம் பின்னாளில் ஓர் ஓவியர் கற்பனையாகச் செய்தது. குழந்தை அதைக் காட்டினால் சொல்லிவிடுங்கள்.

மிளகு தனி உதாரணமும் இல்லை. சக்காராவில் 2016-ல் கண்டுபிடிக்கப்பட்ட ஒரு பதப்படுத்தும் கூடத்தில், எதை உடலின் எந்தப் பாகத்துக்குப் போட வேண்டும் என்று மேலே எழுதிய பானைகளே கிடைத்தன. உள்ளே ஒட்டியிருந்ததை ஆராய்ந்து 2023-ல் வெளியிட்டார்கள். மழைக்காட்டு மரங்களிலிருந்து வரும் பிசின்களும் அதில் இருந்தன. மம்மி செய்ய ஒரு நாடு கடல்கடந்து சாமான் வாங்கியிருக்கிறது.

இப்போது துணி சுற்றலாம்

காய்ந்த பழத்துக்கு டிஷ்யூ வேண்டாம். தாத்தாவின் கிழிந்த பழைய வேட்டியை ரெண்டு விரல் அகலத்துக்குக் கிழித்துக்கொள்ளுங்கள். இதில் ஓர் உண்மை ஒளிந்திருக்கிறது: எகிப்தியர்களும் பெரும்பாலும் வீட்டில் பயன்படுத்திப் பழசான லினன் துணிகளைத்தான் நாடாவாகக் கிழித்துச் சுற்றினார்கள். ஒரு மம்மிக்கு நூற்றுக்கணக்கான மீட்டர் துணி போகும். அடுக்குக்கு அடுக்கு பிசின் தடவினார்கள், நமக்கு மைதாப் பசை போதும். அடுக்குகளுக்கு நடுவே தாயத்துகள் வைத்தார்கள். வண்டு வடிவத் தாயத்து ஒன்றைக் குழந்தை களிமண்ணில் செய்யட்டும்.

'மம்மி' என்ற சொல்லும் ஒரு குழப்பத்தில் பிறந்ததுதான். பாரசீகத்தில் மூம் என்றால் மெழுகு. அதிலிருந்து வந்த மூமியா என்ற சொல் நிலக்கீலைக் குறித்தது. கறுத்துப்போன பிசினைப் பார்த்தவர்கள் நிலக்கீல் என்று நினைத்துவிட்டார்கள். அம்மாவை 'மம்மி' என்று கூப்பிடும் வீடுகளில் வரும் ஜோக்கை நீங்கள் தடுக்க முடியாது, விட்டுவிடுங்கள்.

"அது நிஜ மனுஷனாப்பா?"

சோதனையின் நடுவில் எப்போதாவது இந்தக் கேள்வி வரும். பதில் "ஆமாம்" என்பதுதான். மழுப்ப வேண்டாம். டிஷ்யூ பொம்மையில் இந்தக் கேள்வியே எழாது, அந்தக் கிராஃப்ட்டில் எனக்குப் பெரிய குறையாகப் படுவது அதுதான்.

நிஜ மனிதர்கள் என்பதைப் பெரியவர்களே மறந்த காலம் உண்டு. ஐரோப்பாவில் பல நூற்றாண்டுகள் மம்மியை அரைத்து மருந்து என்று விற்றார்கள். 'மம்மி பிரவுன்' என்ற ஓவியச் சாயத்தை அரைத்த மம்மியிலிருந்து தயாரித்தார்கள். 1830-களில் லண்டனில் தாமஸ் பெட்டிக்ரூ என்ற மருத்துவர் கூட்டம் கூட்டி, டிக்கெட் போட்டு, மேடையில் மம்மியின் துணியைப் பிரித்துக் காட்டினார். இன்று நிலைமை மாறிவருகிறது. பிரிட்டனில் சில அருங்காட்சியகங்கள் 'மம்மி' என்று எழுதாமல் 'பதப்படுத்தப்பட்ட மனிதர்' என்றே எழுதுகின்றன. 2021 ஏப்ரலில் 18 அரசர்கள், 4 அரசிகளின் மம்மிகளைக் கெய்ரோவில் புது அருங்காட்சியகத்துக்கு மாற்றியபோது எகிப்து அதை அரச ஊர்வலமாகவே நடத்தியது.

அடுத்த கேள்வி பெரும்பாலும் "தாத்தாவை ஏன் அப்படி வைக்கல?" என்று வரும். சில ஊரில் எரிப்பார்கள், சில ஊரில் புதைப்பார்கள், எகிப்தில் இப்படிச் செய்தார்கள், எல்லாரும் தங்களுக்குப் பிரியமானவர்களை மரியாதையாக அனுப்பத்தான் பார்த்தார்கள் என்று சொல்லலாம். அதற்கு மேல் குழந்தை கேட்டால் மட்டும் பேசுங்கள். வீட்டில் சமீபத்தில் யாராவது தவறியிருந்தால் இந்தச் சோதனையைச் சில மாதங்கள் தள்ளிப்போடுவது நல்லது. தூங்குகிற மாதிரிதான் என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள், அப்புறம் தூங்கப் பயப்படும்.

ஆரஞ்சுக்கு ஒரு பெயர் வைக்கச் சொல்லுங்கள். எகிப்தியர்களுக்குப் பெயர் ஆளின் ஒரு பகுதி. பெயர் அழிந்தால் ஆளே அழிந்ததற்குச் சமம். சவப்பெட்டிமேல் பெயரை எழுதியதும் அதனால்தான். காலணி டப்பாவில் வைத்து, மூடியில் அந்தப் பெயரைக் குழந்தையே எழுதட்டும்.

நிஜ மம்மியைப் பார்க்க எகிப்து வரை போக வேண்டியதில்லை. கொல்கத்தா இந்திய அருங்காட்சியகத்தில் ஒன்று இருக்கிறது. சென்னையிலிருந்து ஒரு ராத்திரி ரயில் தூரத்தில், ஐதராபாத் தெலங்கானா மாநில அருங்காட்சியகத்தில் நைஷு என்ற பெண் இருக்கிறார். ஜெய்ப்பூர் ஆல்பர்ட் ஹாலில் இருப்பவர் பெயர் டூட்டூ. 2020 ஆகஸ்டில் அங்கே கனமழை வெள்ளம் அருங்காட்சியகத்துக்குள் புகுந்தபோது, ஊழியர்கள் கண்ணாடிப் பெட்டியை உடைத்து, தண்ணீர் ஏறுவதற்குள் டூட்டூவைத் தூக்கி மேலே வைத்தார்கள். ஏன் அவ்வளவு அவசரம் என்று ஏழு நாள் ஆப்பிளை எடை போட்ட பிள்ளையிடம் கேளுங்கள், டக்கென்று சொல்லும்.